12 மி.மீ. மூங்கில் குரோஷே ஊசி: பழந்துணிக் கால்மிதிக்குச் சரிவருமா?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கம் வாங்கிய ஊசி இது, நூலைக் கொக்கியால் இழுத்துப் பின்னும் வகை. கைக்கு இலகு. பருத்தி டி-சட்டையை 3 செ.மீ. பட்டையாக வெட்டி இழுத்தால் ஓரம் தானே சுருளும். அதற்கு இந்த அளவு கச்சிதம். ஜீன்ஸ் துணிக்கு ஆகாது, மணிக்கட்டு கெஞ்சும்.

வட்டக் கால்மிதிக்கு 6 ஒற்றைப் பின்னலில் (single crochet) தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 6 பின்னல் கூட்டுங்கள். விளிம்பு கிண்ணம்போல் எழும்பினால் கூட்டியது போதவில்லை. அலையாக நெளிந்தால் அதிகம். அந்தச் சுற்றைப் பிரித்துத்தான் ஆகவேண்டும், மிதித்தால் படிந்துவிடும் என்பதெல்லாம் கதை.

குறை ஒன்று: கொக்கிக் கழுத்தில் சிலாம்பு. மெல்லிய உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் துணியைப் பிய்க்கும்.

குளியலறை வாசலுக்குப் பாலியஸ்டர் வேண்டாம், ஈரம் உறிஞ்சாது. பருத்தியையும் இறுக்கிப் பின்னாதீர்கள். நம் மழைக்குக் காயாமல் நாறும்.