வீட்டு ஆவணச் சரிபார்ப்புச் சேவை: அளவுகளில் தேர்ச்சி, அனுமதியில் மெத்தனம்

சென்னைப் புறநகரில், தரைமட்டத்தில் வாகன நிறுத்தமும் அதன்மேல் நான்கு தளங்களும் கொண்ட, மொத்தம் எட்டே வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன்னர், பத்திரங்களையும் வரைபடங்களையும் ஆராய்ந்து அறிக்கை தரும் ஒரு சேவையை அமர்த்தினோம். இத்தனை சிறிய கட்டடத்துக்கு இந்தச் செலவு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டரையோ வீடுகளின் எண்ணிக்கை எட்டையோ தாண்டாத திட்டங்களை ரெரா எனப்படும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு இல்லாவிட்டால் திட்டத்தின் விவரங்கள் ஆணையத்தின் இணையதளத்திலும் இருக்காது என்பதால், கட்டுநர் கையில் கொடுக்கும் தாள்களை நாமேதான் உரசிப் பார்க்க வேண்டும்.

பரப்பளவு பற்றிய பகுதியே அறிக்கையில் மிகச் சிறந்தது. விளம்பரத் தாளில் இருந்த 1,200 சதுர அடி என்பது மாடிப்படி, லிஃப்ட், பொது நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்த சூப்பர் பில்டப் அளவு. நேரில் வந்து அளந்தவர் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரையின் அளவு, 880 சதுர அடி என்று எழுதியதோடு, வெளிச்சுவரும் பால்கனியும் அந்தக் கணக்கில் சேராது, வீட்டுக்குள் உள்ள தடுப்புச் சுவர்கள் சேரும் என்பதையும் வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டியிருந்தார். மேல்தள வீட்டைப் பென்ட்ஹவுஸ் என்று கூறி, திறந்த மொட்டைமாடியையும் வீட்டின் அளவில் சேர்த்து விற்க முயன்றதையும் அவரே கண்டுபிடித்தார். அது நாங்கள் வாங்கவிருந்த வீடு அல்ல என்றாலும் கட்டுநரின் போக்கு புரிந்தது.

கொடுத்த கட்டணத்துக்கு ஈடாக அமைந்தது யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத நிலப் பங்கின், அதாவது கட்டடம் நிற்கும் பொது நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பங்கின், கணக்கு. நிலம் 4,800 சதுர அடி, அதாவது இரண்டு கிரவுண்டு. நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2 என்பதால் கட்டப்பட்டது 9,600 சதுர அடி. எட்டு வீடுகளும் ஒரே அளவு என்பதால் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி நிலம் வர வேண்டும். வரைவுப் பத்திரத்திலோ 540 என்று இருந்தது. அப்படியே எட்டு வீடுகளையும் விற்றிருந்தால், 480 சதுர அடி நிலம் சத்தமில்லாமல் கட்டுநர் பெயரிலேயே தங்கியிருக்கும். பிற்காலத்தில் கட்டடத்தை இடித்துக் கட்டும்போது அவரும் ஒரு பங்குதாரராக வந்து நின்றிருப்பார்.

வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் ஆகியவற்றை வழக்கம்போல் பார்த்திருந்தார்கள். குறை சொல்ல ஏதுமில்லை.

அனுமதிகள் பற்றிய பகுதி ஏமாற்றமளித்தது. நிலப் பயன்பாடு, உயரம், பக்க இடைவெளி போன்றவற்றைப் பார்த்து வழங்கப்படும் திட்ட அனுமதியையும், உள்ளாட்சி அமைப்பு தரும் கட்டட அனுமதியையும் ஒன்றாக்கி, "சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் உள்ளது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அனுமதி பெற்ற வரைபடமும் எழுந்து நிற்கும் கட்டடமும் ஒத்துப்போகின்றனவா என்பதே வாங்குபவரின் கேள்வி. வாகன நிறுத்தத் தளத்தில் சுவர் எழுப்பி ஓர் அறை கட்டப்பட்டிருந்ததும், வரைபடத்தில் அது இல்லாததும் எங்கள் கண்ணில்தான் முதலில் பட்டன. சுட்டிக்காட்டிய பின்னரே அறிக்கையில் சேர்த்தார்கள். அனுமதிப்படி கட்டி முடிக்கப்பட்டது என்பதற்கான பணி நிறைவுச் சான்று பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐந்து நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை பன்னிரண்டாம் நாள்தான் வந்தது.

தனிவீடோ வில்லாவோ வாங்குபவருக்கு நிலம் முழுவதும் அவர் பெயரிலேயே வருமானால் இந்தச் சேவையின் வலுவான பகுதி அவ்வளவாகப் பயன்படாது. அடுக்குமாடி வீடு வாங்குபவர்கள் தயங்காமல் அமர்த்தலாம், அனுமதி வரைபடத்தைத் தாங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதாக இருந்தால். நாங்கள் பத்திரத்தில் 600 சதுர அடி என்று திருத்தி வாங்கிய பிறகே பதிவுக்குச் சென்றோம். அந்தத் திருத்தத்துக்கான இரண்டு வரி வாசகத்தை எழுதித் தர அவர்கள் தனிக் கட்டணம் கேட்டது மட்டும் இன்னும் உறுத்துகிறது.