யோகெரெஸா, செஷ்கோவா: ஆர்சனலின் ஒன்பதாம் நம்பர் யாருக்கு?

நம் ஆர்சனலுக்கு பிரீமியர் லீக்கில் மூன்று சீசன், மூன்று முறையும் இரண்டாம் இடம். 2022-23இல் 84 புள்ளி, 2023-24இல் 89, 2025 மே மாதம் முடிந்த 2024-25இல் 74. முதல் இரண்டு முறை மான்செஸ்டர் சிட்டியிடம் தோற்றதை ஒரு மாதிரி ஏற்றுக்கொள்ள முடிந்தது. இந்த முறை லிவர்பூல் 84 புள்ளியிலேயே கோப்பையைத் தூக்கிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நாம் எடுத்த புள்ளியை எடுத்திருந்தாலே கோப்பை நம்முடையது. அதனால்தான் 2025 ஜூலையின் இந்த டிரான்ஸ்ஃபர் காலம், அதாவது கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்கும் காலம், எனக்கு மற்ற கோடைகளைப் போல இல்லை. அணியில் பெரிதாக ஒரே ஒரு ஓட்டைதான்: ஒன்பதாம் நம்பர், அதாவது முன்னே நின்று கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர். அதை அடைக்க இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன: ஸ்போர்ட்டிங் லிஸ்பனின் விக்டர் யோகெரெஸ், ஆர்.பி. லைப்சிக்கின் பெஞ்சமின் செஷ்கோ.

மற்ற இடங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். கோல்கீப்பர் ராயா, தடுப்பாளர்கள் சலீபா, கேப்ரியல் மூவரும் இருக்கும் வரை பின்வரிசை பற்றிக் கவலை இல்லை. 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 34, லீக்கிலேயே குறைவு. கேப்ரியல் ஏப்ரலில் காயம்பட்டு வெளியே போன பிறகும் கிவியோர் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரே தாக்குப்பிடித்தார். இடது பேக்கில் லூயிஸ்-ஸ்கெல்லி என்ற பையன் ஒரே சீசனில் ஆளாகிவிட்டான். நடுக்களத்தில் பார்ட்டே, ஜோர்ஜினியோ இருவரின் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. ஆனால் ரியல் சோசியடாட்டிலிருந்து சுபிமெண்டி வந்துவிட்டார். ரைஸ், ஓடேகார்ட், மெரினோவோடு அவரையும் சேர்த்தால் அந்த இடம் முன்னைவிட வலுவானது என்றே சொல்வேன். வலது விங்கில் சாகா. இடது விங் இன்னும் முழுசாகத் தீரவில்லை, மார்ட்டினெல்லியும் ட்ரொசார்டும் மாறி மாறி ஆடி ஒப்பேற்றுகிறார்கள்.

அப்புறம் முன்னே நிற்க வேண்டிய ஆள்.

ஆர்சனல் வீரர் ஒருவர் ஒரு பிரீமியர் லீக் சீசனில் 20 கோலைத் தாண்டியது கடைசியாக 2019-20இல், ஓபமெயாங் 22 அடித்தபோது. அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. போன சீசனில் (2024-25) அணியிலேயே அதிக லீக் கோல் ஹாவர்ட்ஸுக்கு, வெறும் 9. ஜனவரியில் ஜீசஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, பிப்ரவரியில் துபாய் பயிற்சி முகாமில் ஹாவர்ட்ஸுக்குத் தொடைத் தசை போனது. அந்த ஜனவரியில் யாரையும் வாங்கவும் இல்லை. கடைசியில் நடுக்கள வீரரான மெரினோவை முன்னே நிறுத்தி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனோம். அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் 2023-24இல் 91 கோல் அடித்த அணி 69க்கு இறங்கியதை மறைக்க முடியாது.

இங்கேதான் பலரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. "எதிரணி தன் பெனால்டி பெட்டிக்குள் கூட்டமாக நின்றுவிட்டால் ஆர்சனலால் உடைக்க முடியவில்லை, அதற்கு உயரமான, நுட்பமான ஸ்ட்ரைக்கர் வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். செஷ்கோவுக்கான வாதமே இதுதான். போன சீசனின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. லீக்கில் கோலே அடிக்காமல் முடித்த ஆட்டங்கள் மொத்தம் ஐந்து: போர்ன்மவுத், நியூகாசில், எவர்ட்டன், வெஸ்ட் ஹாம், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். இவற்றில் போர்ன்மவுத் ஆட்டத்தில் சலீபா சிவப்பு அட்டை வாங்கிப் பத்துப் பேரோடு ஆடினோம். சுவரை உடைக்க முடியாமல் தவித்தது என்று சொல்லக்கூடியவை இரண்டு மூன்றுதான்.

உண்மையான சேதம் டிராவில். மொத்தம் 14 டிரா. அதில் 0-0 இரண்டே இரண்டு. 14இல் ஒன்பது ஆட்டங்களில் நாம் முன்னிலையில் இருந்தோம்! பிரைட்டனோடு இரண்டு முறையும் 1-0இல் இருந்து 1-1. சிட்டி மைதானத்தில் 2-1இல் இருந்து 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தின் எட்டாவது நிமிடத்தில் ஸ்டோன்ஸ் சமன் செய்தார். நம் மைதானமான எமிரேட்ஸில் லிவர்பூலோடு இரண்டு முறை முன்னிலை பெற்றும் 2-2. செல்சி, எவர்ட்டன், பிரென்ட்ஃபோர்ட், கிரிஸ்டல் பேலஸ், எல்லாம் இதே கதை. ஆஸ்டன் வில்லாவோடு 2-0இல் இருந்து எட்டு நிமிட இடைவெளியில் இரண்டு கோல் வாங்கி 2-2. இந்த ஒன்பது ஆட்டங்களில் கைநழுவியது 18 புள்ளி. லிவர்பூலுக்கும் நமக்கும் இடைவெளி 10.

முன்னிலை எடுத்த பிறகு என்ன நடக்கிறது? எதிரணி மேலே ஏறி வருகிறது. அவர்களின் தடுப்பாட்ட வரிசைக்குப் பின்னால் அரை மைதானம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் ஓட நம்மிடம் ஆள் இல்லை. ஹாவர்ட்ஸ் கீழே இறங்கி வந்து பந்து வாங்குகிறவர். மெரினோவும் அப்படியே. ட்ரொசார்டும் காலடியில்தான் பந்து கேட்பார். அதனால் ராயாவோ கேப்ரியலோ நீளமாக அடிக்கும் பந்து திரும்ப வந்துகொண்டே இருக்கிறது, நெருக்கடி குறைவதே இல்லை. சிட்டிக்கு எதிரான இரண்டாம் பாதி நினைவிருக்கும். ட்ரொசார்ட் வெளியேற்றப்பட்ட பின் பத்துப் பேரும் நம் பெட்டிக்குள்தான் நின்றார்கள், பந்தைத் தூக்கிக்கொண்டு முப்பது மீட்டர் ஓடி மூச்சுவிட நேரம் வாங்கித்தர ஒருவர் இல்லை. நமக்குத் தேவை முதல் கோலை அடிப்பவர் என்பதைவிட, இரண்டாவது கோலை அடித்து ஆட்டத்தை மூடுபவர்.

இந்தக் கண்ணோடு இரண்டு பேரையும் பார்ப்போம்.

யோகெரெஸுக்கு 2025 ஜூன் 4ஆம் தேதி 27 வயது முடிந்தது. ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பிரைட்டனில் இடம் கிடைக்காமல் செயின்ட் பாலி, ஸ்வான்சி என்று இரவல் வீரராகச் சுற்றிவிட்டு கவென்ட்ரியில் நிலைத்தவர். அங்கே 2022-23இல் சாம்பியன்ஷிப்பில் (இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்) 21 கோல், அணியை பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான வெம்ப்ளி பிளேஆஃப் இறுதி வரை கொண்டுபோனார். ஸ்போர்ட்டிங்கில் முதல் சீசனில் லீக்கில் 29, இரண்டாவதில் 39. எல்லாப் போட்டிகளும் சேர்த்து இரண்டு சீசனில் 102 ஆட்டம், 97 கோல். இரண்டு முறையும் ஸ்போர்ட்டிங்தான் லீக் சாம்பியன். அவர் ஆடும் விதம் இந்த எண்களைவிட முக்கியம். நடுவில் நிற்காமல் இடது பக்க இடைவெளியை நோக்கி ஓடுவார், தடுப்பாளரைத் தோளால் ஒதுக்கிவிட்டு உள்ளே வெட்டி வலது காலால் அடிப்பார். ஒரே நீண்ட பாஸ் போதும், எதிரணியின் மொத்த வரிசையும் திரும்பி ஓட வேண்டியிருக்கும். நம்மிடம் இல்லவே இல்லாதது அதுதான். இன்னொரு விஷயம், அந்த ஓட்டம் சலீபாவின் மூச்சையும் காப்பாற்றும்.

செஷ்கோவுக்கு 2025 மே மாதம்தான் 22 ஆனது. ஸ்லோவேனியாக்காரர், 1 மீட்டர் 95 உயரம், அந்த உயரத்துக்கு நம்ப முடியாத வேகம், இரண்டு காலாலும் தூரத்திலிருந்து இடி மாதிரி அடிப்பார். சால்ஸ்பர்க் வழியாக 2023இல் லைப்சிக் வந்தவர். ஜெர்மன் லீக்கான பண்டெஸ்லிகாவில் முதல் சீசன் 14 கோல், இரண்டாவது 13. எல்லாப் போட்டிகளும் சேர்த்தால் போன சீசனில் 21. 2024 கோடையிலேயே ஆர்சனல் இவரைக் கேட்டது, ஆனால் அவர் 2029 வரை லைப்சிக்கோடு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். திறமையில் இருவரில் இவருக்குத்தான் உச்சம் அதிகம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். கார்னர்களை வைத்தே பிழைக்கும் நம் அணிக்கு இன்னொரு நெடிய தலை கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை. ஆனால் பல ஆட்டங்களில் அவர் நாற்பது நிமிடம் காணாமல் போகிறார். யூரோ 2024இல் போர்ச்சுகலுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் தடுப்பாளர் பெப்பே சறுக்கியதும் தனியாகக் கிடைத்த பந்தை கோல்கீப்பர் டியோகோ கோஸ்டாவின் காலில் அடித்தது நினைவிருக்கலாம். அந்த ஒன்றை வைத்து ஒருவரை மதிப்பிடுவது அநியாயம்தான், 21 வயதில் யாருக்கும் நடக்கும். என் கேள்வி, அவர் அந்த வயதைத் தாண்டி முழு ஆளாகும் வரை காத்திருக்க நமக்கு நேரம் இருக்கிறதா என்பது.

போன சீசன் லைப்சிக்குக்கே மோசம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பண்டெஸ்லிகாவில் ஏழாவது, சாம்பியன்ஸ் லீக்கில் எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி. அப்படிப்பட்ட அணியில் 21 கோல் என்பது மதிக்க வேண்டிய எண். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் ஜெயித்த அந்த ஒரே ஆட்டம் ஸ்போர்ட்டிங்குக்கு எதிரே: 2-1. செஷ்கோ ஒன்று அடித்தார், யோகெரெஸ் ஒன்று அடித்தார். அதிலிருந்து தீர்ப்பு எதுவும் கிடைக்காது.

யோகெரெஸ் மேல் வைக்கப்படும் பெரிய சந்தேகம் போர்ச்சுகல் லீக். நியாயமான சந்தேகம். ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் ஷூ விருதின் கணக்கிலேயே அந்த லீக்கின் கோலுக்கு 1.5 புள்ளிதான், இங்கிலாந்து, ஸ்பெயின் போன்றவற்றுக்கு 2. அதனால்தான் 39 அடித்தும் ஸ்பெயினில் 31 அடித்த எம்பாப்பேக்குப் பின்னால் நின்றார். 39இல் பெனால்டிகளும் கணிசம். எல்லோரும் காட்டும் உதாரணம் டார்வின் நூன்யெஸ்: பென்ஃபிகாவில் லீக்கில் 26 அடித்துவிட்டு லிவர்பூலில் முதல் சீசனில் 9. ஆனால் நூன்யெஸ் வந்தது ஒரே ஒரு பெரிய சீசனோடு, 23 வயதில். யோகெரெஸ் தொடர்ந்து மூன்று சீசன் 21, 29, 39 என்று ஏறியவர், அதில் ஒன்று இங்கிலாந்தில். செவ்வாய் இரவு மழையில் முட்டி மோதுகிற சாம்பியன்ஷிப் தடுப்பாளர்களை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். போர்ச்சுகலில் பெரும்பாலான அணிகள் ஸ்போர்ட்டிங்குக்கு எதிரே பின்னால்தான் குவிந்து நிற்கும். அதனால் காலி இடம் இல்லாவிட்டால் அவருக்கு ஆடத் தெரியாது என்ற வாதமும் எனக்கு ஒட்டவில்லை.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது நம் சொந்த ஆட்டம்தான். 2024 நவம்பரில் அவர் சிட்டிக்கு எதிரே மூன்று கோல் அடித்து 4-1 என்று ஜெயிக்க வைத்தார். அதே மாதம் நாம் லிஸ்பன் போய் 5-1 என்று அடித்தோம். சலீபாவும் கேப்ரியலும் அவரை அசையவே விடவில்லை. கேப்ரியல் கோல் அடித்துவிட்டு யோகெரெஸ் விரல்களால் முகத்தை மூடிக் கொண்டாடும் முகமூடிக் கொண்டாட்டத்தை அவர் மைதானத்திலேயே செய்துகாட்டினார். உயர்தரத் தடுப்பாளர்கள் உடம்பைக் கொடுத்து நின்றால் அவருடைய முதல் தொடுதல் தடுமாறுகிறது, முதுகு காட்டி நின்று பந்தைப் பிடிக்கும் வேலையில் ஹாவர்ட்ஸ் பக்கத்தில்கூட வர மாட்டார். இது எனக்கு முழுசாகத் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் நாம் புள்ளிகளை விட்டது சலீபா-கேப்ரியல் போன்ற ஜோடி உள்ள அணிகளிடம் மட்டும் இல்லை. பிரென்ட்ஃபோர்ட், எவர்ட்டன், பிரைட்டன், பேலஸிடம்.

விலைக்கு வருவோம். யோகெரெஸின் ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை, அதாவது கொடுத்தால் கிளப் மறுக்க முடியாத தொகை, 10 கோடி யூரோ. அவ்வளவு யாரும் தரப்போவதில்லை. ஆனால் 6 கோடியும் மேலே ஒரு கோடியும் என்றால் விட மாட்டேன் என்று ஸ்போர்ட்டிங் தலைவர் வராண்டாஸ் ஜூனிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். செஷ்கோவையும் லைப்சிக் மலிவாக விடாது. ஆக இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. வித்தியாசம் பின்னால் வரும்: 27 வயதுக்காரரைத் திரும்ப விற்று லாபம் பார்க்க முடியாது, 22 வயதுக்காரர் சரியாக வரவில்லை என்றாலும் பாதிப் பணமாவது தேறும். கணக்குப் பிள்ளையாக இருந்தால் நானும் செஷ்கோவைத்தான் எடுப்பேன்.

ஆனால் 2025 ஜூலையில் அணியின் மற்ற வயதுகளைப் பாருங்கள். ஓடேகார்ட் 26, ரைஸ் 26, கேப்ரியல் 27, ராயா 29. இந்த ஜூலை நிலவரப்படி சாகா, சலீபா ஒப்பந்தங்கள் 2027இல் முடிவதாக இருந்தன. இவர்கள் எல்லோரும் உச்சத்தில் ஒன்றாக இருக்கப்போவது இன்னும் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று சீசன். 2004க்குப் பிறகு 2025 வரை பிரீமியர் லீக் கோப்பை இல்லாத கிளப் அந்த நேரத்தை 2028இல் பெரிய ஆளாகப்போகும் ஒருவருக்காகச் செலவழிக்கக் கூடாது. யோகெரெஸின் உச்சமும் இவர்கள் உச்சமும் ஒரே காலத்தில் விழுகின்றன.

ஹாவர்ட்ஸே போதும் என்பவர்களுக்கு: எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், ஆனால் 50 ஆட்டத்தை ஒருவர் தலையில் கட்டியதன் விலையைப் பிப்ரவரியில் பார்த்தோம். மூன்றாவதாக நியூகாசிலின் இசாக் பெயரும் வருகிறது. 23 லீக் கோல், இவர்கள் இருவரையும்விட முழுமையான ஆள். அந்தப் பணத்தில் ஸ்ட்ரைக்கரும் இடது விங்கரும் சேர்த்து வாங்கலாம், அதனால் விட்டுவிடலாம்.

ஆக என் ஓட்டு யோகெரெஸுக்கு. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: அவரை வாங்கிவிட்டு ஹாவர்ட்ஸைப் போல ஆடச் சொல்லக் கூடாது. பந்து கிடைத்ததும் ஓடேகார்டும் சுபிமெண்டியும் பக்கவாட்டில் உருட்டாமல் முதல் பார்வையிலேயே முன்னால் போட வேண்டும். பயிற்சியாளர் ஆர்டெட்டா பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை அடக்கி ஆளவே விரும்புவார். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போதாவது அந்தப் பிடியைத் தளர்த்தி, இரண்டு பாஸில் கோல் தேடும் துணிச்சல் அவருக்கு வர வேண்டும். அது வராது என்றால் செஷ்கோவே பொருத்தம், ஏனென்றால் நெருக்கமான இடத்தில் பந்தை ஒரு தட்டில் திருப்பிக் கொடுக்க அவரால்தான் முடியும்.

தாமதம் மட்டும் ஆகக் கூடாது. ஜூலை 23இல் சிங்கப்பூரில் ஏசி மிலானோடு ஆட்டம், 27இல் அங்கேயே நியூகாசில், 31இல் ஹாங்காங்கில் டாட்டன்ஹாம். ஆகஸ்ட் 17இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் நமக்கு லீக் தொடங்குகிறது, மாதக் கடைசியில் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட். புது ஸ்ட்ரைக்கர் ஓடும் நேரமும் ஓடேகார்ட் பந்தைப் போடும் நேரமும் பொருந்த இந்த ஆசியப் பயணம்தான் வாய்ப்பு. 2025இல் விளையாட்டு இயக்குநராக வந்த பெர்டா, அத்லெட்டிகோ மாட்ரிட்டில் இருந்தபோது பேரத்தில் கடைசி யூரோ வரை இழுக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். இந்த ஒரு பேரத்தில் நாலைந்து மில்லியன் கூடப் போனாலும் பரவாயில்லை, சிங்கப்பூர் விமானம் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.