டோசருக்கு ஜி.பி.எஸ். சரி, கிரேடருக்கு?

தரையைச் சமப்படுத்தும்போது ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டினால் 100 கன மீட்டர் மண். பத்து ஹெக்டேரில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் 2,000 கன மீட்டர். அதைத் தள்ளி, ஏற்றி, அப்புறம் மறுபடி கொண்டுவந்து நிரப்பி, தண்ணீர் அடித்து, ரோலர் ஓட்ட வேண்டும். இந்தக் கணக்கைக் காட்டித்தான், மண்ணைத் தள்ளும் டோசரில் மாட்டி அதன் பிளேடு எந்த உயரத்தில் வெட்டுகிறது என்று சொல்லும் ஜி.பி.எஸ். கருவிகளை விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜி.பி.எஸ்.ஸின் உயரத் துல்லியமும் கிட்டத்தட்ட அந்த இரண்டு சென்டிமீட்டர்தான்.

அப்படியானால் பொய் சொல்லி விற்கிறார்களா? இல்லை. பிசகில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இங்கே ஒரு சென்டிமீட்டர் மேலே, அங்கே ஒரு சென்டிமீட்டர் கீழே என்று அலைவது. மண் அளவில் இது தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ளும். மேற்பரப்பில் மட்டும் லேசான அலையாகத் தெரியும். இன்னொன்று, மொத்தப் பரப்பும் ஒரே பக்கம் தப்பிப்போவது. 2,000 கன மீட்டரைத் தின்பது இரண்டாவது வகைதான். எந்த முறை எந்த வகைப் பிசகைத் தரும் என்று பார்த்தால், டோசருக்கும் சரி, நீண்ட பிளேடால் பரப்பைச் சீவிச் சீராக்கும் கிரேடருக்கும் சரி, தேர்வு தெளிவாகிவிடும்.

முளையும் கயிறும் பழைய முறை. சர்வேயர் இருபது மீட்டருக்கு ஒன்று என்று முளை அடித்து, இவ்வளவு வெட்டு, இவ்வளவு நிரப்பு என்று எழுதிவிட்டுப் போவார். முளைக்கு முளை இடையில் எல்லாம் ஆபரேட்டரின் கண்மட்டம். நல்ல ஆபரேட்டருக்கு அது அசாத்தியமாக வரும். மற்றவர்களுக்கு மேடும் பள்ளமுமாக வரும். பத்து முளை அடித்தால் மாலைக்குள் மூன்றை வண்டியே மிதித்திருக்கும். மறுபடி சர்வேயர் வரும்வரை இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். ஆனால் தவறு நடந்தால் ஒரு முளையைச் சுற்றித்தான் நடக்கும். மைதானம் முழுக்க ஒரே அளவில் தப்புவது இதில் அபூர்வம்.

லேசர், தட்டையான வேலைக்கு இன்றும் ராஜா. நடுவில் ட்ரைபாட் மேல் லேசர் கதிரைச் சுழற்றும் கருவி, பிளேடின் கம்பத்தில் அதைப் பிடிக்கும் ரிசீவர், அவ்வளவுதான். 10 வினாடிக் கோணத் துல்லியம் (இங்கே ஒரு வினாடி என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) உள்ள கருவி 100 மீட்டரில் 5 மில்லிமீட்டர் தப்பும். 300 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர். தூரம் கூடக்கூட பூமியின் வளைவும் சேரும்: ஒளிவிலகலைக் கழித்த பிறகும் 500 மீட்டரில் சுமார் 17 மில்லிமீட்டர். அருகிலேயே வேலை என்றால் ஜி.பி.எஸ். இதன் பக்கத்தில் வரமுடியாது. ஒரே கருவியை எத்தனை வண்டி வேண்டுமானாலும் பார்த்து ஓடலாம். கட்டடத் தளம், வண்டி நிறுத்துமிடம், வயல் சமப்படுத்துதல் ஆகியவற்றுக்கு வேறெதுவும் வாங்கத் தேவையில்லை. ஒரு வாட்டம் (ஒரு திசையில் ஒரே சரிவு), மிஞ்சினால் இரண்டு வாட்டம், அதுவரை சரி. சாலை வளைவில் வாட்டம் மாறிக்கொண்டே போகும்போது லேசர் கைவிரித்துவிடும்.

இப்போது ஜி.பி.எஸ். தெரிந்த புள்ளியில் ஒரு பேஸ் ஸ்டேஷன் நிற்கிறது. செயற்கைக்கோள் சிக்னலில் உள்ள பிசகைக் கணக்கிட உதவும் தரவை ரேடியோவிலோ மொபைல் இணையத்திலோ வண்டிகளுக்கு அனுப்புகிறது. இதுதான் ஆர்.டி.கே. கிடைமட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கும், உயரத்தில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கும் துல்லியம் தரும். உயரம் ஏன் மோசம்? செயற்கைக்கோள்கள் நான்கு திசையிலும் இருப்பதால் கிடைமட்டப் பிசகுகள் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும். உயரத்துக்கு அந்த வசதி இல்லை. எல்லாச் செயற்கைக்கோள்களும் தலைக்கு மேலேதான். காலுக்கடியில் பூமி மறைக்கிறது. மண் வேலைக்கு வேண்டியதோ உயரம். கருவியின் பலவீனமும் நம் தேவையும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

இருந்தும் பெரிய வேலைகளில் டோசர்களுக்கு இதுதான் நிலைத்துவிட்டது. காரணம் துல்லியம் அல்ல, வடிவம். வளைவு, சரிவு, மாறும் வாட்டம் என்று வடிவமைப்புக் கோப்பில் எது இருந்தாலும் பிளேடின் அடியில் அந்த இடத்துக்கான உயரம் இருக்கும். பார்வைக் கோடு தேவையில்லை. புழுதியிலும் இருட்டிலும் ஓடும். ஒரு பேஸை நம்பி இருபது வண்டி ஓடலாம். மண்ணைச் சுரண்டி அள்ளிச் செல்லும் ஸ்கிரேப்பருக்கும் இதே கதைதான்: நீளமான ஓட்டம், மொத்த மண், சென்டிமீட்டர் அலைவைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உயரமான சுவர் ஓரமும் மரத்தடியும் ஆழமான வெட்டும் இதற்கு ஆகாது. வானிலும் தொல்லை வரலாம்: 2024 மே மாதச் சூரியப் புயலின்போது ஆர்.டி.கே.யை நம்பி விதைத்துக்கொண்டிருந்த அமெரிக்க விவசாயிகள் பலர் டிராக்டரை நிறுத்த வேண்டியதாயிற்று.

இதன் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வேலையில் ராத்திரி மழைக்குப் பிறகு பேஸ் ட்ரைபாடின் கால்கள் ஈர மண்ணில் இறங்கியிருந்தன. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். பேஸ் தன் பழைய உயரத்திலேயே இருப்பதாகக் கணினி நம்பியது. அதனால் பிளேடு உண்மையை விட 4 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பதாக நினைத்து, அந்த அளவு கூடுதலாக இறக்கியது. மதியம்வரை திரையில் பச்சை விளக்கு. தரை கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தேகம் வந்து ரோவரை (கையில் எடுத்துப்போய் அளக்கும் ஜி.பி.எஸ். கம்பம்) எடுத்துத் தரையைச் சோதித்தோம். அதுவும் சரி என்றது. சொல்லாமல் என்ன செய்யும், அதற்கும் அதே பேஸ்தானே! கடைசியில் தொலைநோக்கி வழியே மட்டம் பார்க்கும் லெவல் கருவியால், பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான புள்ளி) அளந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. முளை அடித்து வேலை செய்திருந்தால் இப்படி ஒரே சீராகத் தப்பியிருக்காது. அன்று முதல் காலையில் முதல் வேலை, பெஞ்ச் மார்க் மேல் ரோவரை வைத்துப் பார்ப்பது.

பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் கட்டிங் எட்ஜும் இதே வேலையைக் காட்டும். தேய்ந்ததைக் கழற்றிப் புதிது மாட்டிய அன்று அளவை மாற்றாவிட்டால், பிளேடு நீண்டது கருவிக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் அப்படியே கூடுதல் வெட்டு.

கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவியான டோட்டல் ஸ்டேஷன் நான்காவது ஆள். ரோபோ மாதிரி வண்டியின் கம்பத்தில் உள்ள, ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசத்தைத் துரத்தித் துரத்திப் பார்த்துச் சில மில்லிமீட்டரில் உயரம் சொல்லும். துல்லியத்தில் யாரும் போட்டியில்லை. ஆனால் ஒரு கருவிக்கு ஒரு வண்டிதான். நடுவில் ஒரு லாரி நின்றால் பார்வை அறுந்துபோகும். சில நூறு மீட்டர் தாண்டினால் தூக்கி மாற்ற வேண்டும். ஜி.பி.எஸ்.ஸோடு லேசரைச் சேர்த்து, இடத்தை ஒன்றும் உயரத்தை மற்றொன்றும் சொல்லும் கலப்பு முறையும் உண்டு; டாப்கானின் எம்.எம்.ஜி.பி.எஸ். அந்த வகை. பல கிரேடர் ஒரே தளத்தில் ஓடினால் அது நல்ல சமரசம்.

டோசரில் இன்னொரு போட்டி: ஆன்டெனா எங்கே? பிளேடின் மேல் கம்பம் நட்டால் அளப்பதும் வெட்டுவதும் ஒரே இடம், கணக்கு எளிது. ஆனால் அதிர்வில் கேபிள் போகும், பாறையில் இடித்தால் கம்பம் வளையும், திருட்டுக்குப் பயந்து தினமும் கழற்றிப் பூட்ட வேண்டும். கோமாட்சு 2013-இல் கொண்டுவந்த டி61 வகை டோசரில் ஆன்டெனா கேபின் கூரைக்குப் போனது. பிளேடு எங்கே இருக்கிறது என்பதை சிலிண்டர் நீளத்தையும் சாய்வுச் சென்சாரையும் வைத்துக் கணக்கிடும். தொந்தரவு குறைவுதான். ஆனால் பிளேடு மூட்டுகளில் உள்ள பின்னும் (ஆணி) புஷ்ஷும் தேய்ந்து ஆட்டம் கண்டால் அது கணக்கில் வராது. புது வண்டி வாங்குபவர் கூரை ஆன்டெனாவை எடுக்கலாம்; பழைய வண்டியில் மாட்டுபவருக்குக் கம்பம் போதும்.

திரையில் காட்டினால் போதுமா, பிளேடையே தானாக இறக்க விடலாமா? ஜி.பி.எஸ். வினாடிக்கு 10 அல்லது 20 முறைதான் இடம் சொல்லும். மணிக்கு 5 கிலோமீட்டரில் போகும் டோசர், வினாடிக்குப் பத்து என்றால் ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் இடையில் 14 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த இடைவெளியை அசைவை உணரும் கைரோ சென்சார்கள் நிரப்பத் தொடங்கிய பிறகுதான் தானியங்கி உண்மையில் உருப்பட்டது. டோசருக்குத் தானியங்கி வேண்டும். எக்ஸ்கவேட்டருக்குத் திரையே போதும் என்பது என் கட்சி. குழாய்க் குழிக்கு, வண்டியின் கை மூட்டுகளில் சாய்வுச் சென்சார் வைத்து ஆழமும் சரிவும் மட்டும் காட்டும் 2டி கருவியே சமாளிக்கும். வண்டி நகரும்போதெல்லாம் பக்கெட் நுனியால் உயரம் தெரிந்த ஒரு புள்ளியைத் தொட வேண்டும், அவ்வளவே. கலங்கிய தண்ணீருக்கு அடியில் சரிவு வெட்டுவதென்றால் இரண்டு ஜி.பி.எஸ். ஆன்டெனா உள்ள 3டிதான்; பக்கெட் கண்ணுக்கே தெரியாத இடத்தில் வேறு வழி ஏது?

கிரேடருக்கு வருகிறேன். சாலையின் அடிமண் வரை ஜி.பி.எஸ். தாராளமாகப் போதும். ஜல்லி அடுக்கு வரும்போது கம்பத்திலிருந்து ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் டோட்டல் ஸ்டேஷனுக்கான பிரிசத்தை மாட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே திரை, ஒரே வடிவமைப்புக் கோப்பு என்று கிடைக்கிறது. மாட்டிக் கழற்ற ஆகும் நேரம் கால் மணி. அதற்குச் சோம்பி இரண்டு சென்டிமீட்டர் அலையோடு விட்டால், மேலே தார் போடுபவர் அந்த அலையைத் தாரால் நிரப்புவார். மண்ணை விட அது விலை அதிகம்.