புயல் எண்ணிக்கையா, புயல் பாதையா, மழை அளவா: நெல்லைச் சீமைக்கு எது உதவும்?

ஐப்பசி பிறந்ததும் எங்கள் பக்கத்தில் மூன்று கேள்விகள் வந்துவிடும். இந்த வருஷம் எத்தனை புயல்? எங்கே கரையைக் கடக்கும்? நம்மூரில் எவ்வளவு கொட்டும்? மூன்றுக்கும் தனித்தனி முன்னறிவிப்பு உண்டு. ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டு பட்ட அடி எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

முதலில் சீசன் கணிப்பு. இதில் பெயர் பெற்றது அட்லாண்டிக் கடலின் புயல் காலம் (அங்கே ஹரிக்கேன் என்பார்கள்), ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கடலின் சூடு, எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது), மேலடுக்குக் காற்று ஆகியவற்றைப் பார்த்து முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லும் வழக்கத்தை 1984-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிரே தொடங்கினார். 2024-இல் அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா பெயரிடப்படும் புயல்கள் 17 முதல் 25 வரை என்றது, வந்தவை 18. ஆனால் 1992-ஐப் பாருங்கள். அந்த சீசனில் பெயர் பெற்றவை ஆறே ஆறு. முதலாவதாக வந்த ஆண்ட்ரூ, ஆகஸ்ட் மாதம் புளோரிடாவைச் சிதைத்துப் போட்டது. அதே வருஷம் நவம்பரில்தான் தூத்துக்குடி அருகே புயல் கரையேறி, தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது.

நமக்கு இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்வது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தென்னிந்திய மழை சராசரியில் எத்தனை சதவீதம் என்று. 88 முதல் 112 வரை இருந்தால் இயல்பு. அட்லாண்டிக் புயலைப் பெரும்பாலும் அடக்கும் எல் நினோ, நம் வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டிவிடும். பிசானத்துக்கு, அதாவது இந்தப் பருவமழையை நம்பிய நெல் சாகுபடிக்கு, எந்த நெல், எத்தனை ஏக்கர் என்று யோசிக்க இந்தக் கணிப்பு போதும். வீட்டைக் காலி செய்யலாமா என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை.

அடுத்தது புயல் பாதை. 2020 டிசம்பரில் புரெவி, திரிகோணமலையில் கரையேறி, பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே கடக்கும் என்றார்கள். தென்மாவட்டங்களுக்கு விடுமுறை விட்டார்கள். ஏரல் பக்கம் வாழை போட்டிருக்கும் என் மாமா, ராத்திரியோடு ராத்திரியாக ஆள் வைத்துக் கம்பு கட்டினார். புயலோ மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து, ராமநாதபுரம் அருகே நகராமல் நின்றுவிட்டது. கனமழை சிதம்பரம், கடலூர் பக்கம் கொட்டியது. இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். கடலில் இருப்பவர்களுக்கும் வாழைக்காரர்களுக்கும் பாதைக் கணிப்பை விட்டால் வேறு துணை இல்லை. காற்றுக்கு அது சரி.

மழைக்கு அது போதாது என்பதைத்தான் 2023 காட்டியது. டிசம்பர் 17, 18. புயல் இல்லை, பெயர் இல்லை, கூண்டு ஏற்றும் அளவுக்குக் கூட எதுவும் இல்லை. குமரிக்கடல் பக்கம் வெறும் வளிமண்டலச் சுழற்சி. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மலையிலும் அதே நேரம் கொட்டியதால் ஆறும் சேர்ந்து வந்தது. "பேரு வச்ச புயலுக்குக் கம்பு கட்டுனேன், பேரில்லாத மழைக்கு மோட்டாரைக் கூடக் கழத்தலையே மருமவனே" என்று மாமா போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. களத்துவீட்டுச் சுவரில் அவர் நெஞ்சு உயரத்தில் சேற்றுக்கோடு. கீழ் வரிசை நெல் மூட்டை முளைத்து, சாக்கின் கண்ணி வழியே பச்சை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்து மாநில மொத்த மழையோ சராசரியை ஒட்டியே முடிந்தது!

ஆகவே எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது மாவட்ட வாரியான மழை எச்சரிக்கையை. அதிலும் ஒரு குறை உண்டு. 20 செ.மீ.க்கு மேல் போனால் அதிகனமழை, சிவப்பு நிறம். 21-க்கும் சிவப்பு, 95-க்கும் சிவப்பு. எவ்வளவு என்பதை அந்த நிறம் சொல்லாது. அதனால் கூடவே அணை மட்டத்தையும் பார்க்க வேண்டும். தாமிரபரணிக்கு மேலே இருக்கும் பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. இரண்டும் நிறையும் தறுவாயில் இருக்கும்போது சிவப்பு வந்தால், மேலே பெய்வதைப் பிடித்துவைக்க இடம் கிடையாது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதா என்று டவுன்காரர்கள் போய்ப் பார்ப்பார்கள். நம்பகமான அடையாளம்தான், ஆனால் அதற்குள் தண்ணீர் வந்துவிட்டிருக்கும்.

மாமா இப்போது வாழைக்குக் கம்பு கட்டப் புயல் செய்தியைப் பார்க்கிறார். மோட்டாருக்கு அது தேவையில்லை. மழை எச்சரிக்கை ஆரஞ்சு ஆகி, பாபநாசம் 135 அடியைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே கழற்றி, மெத்துப்படியேறி மாடியில் வைத்துவிடுகிறார்.