க்ரூஸ் கன்ட்ரோலா, ஸ்பீடு லிமிட்டரா: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிறதா என்றுதான். பல கார்களில் அதே ஸ்டீயரிங் பட்டன்களோடு வரும் ஸ்பீடு லிமிட்டரை ஷோரூமில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. நம் ஊர் சாலைகளில் இரண்டையும் நெடுநாள் பயன்படுத்திப் பார்த்தால், தினமும் உதவுவது லிமிட்டர்தான்.

க்ரூஸ் போட்டால் காலை எடுத்துவிடலாம், வேகத்தைக் கார் பார்த்துக்கொள்ளும். லிமிட்டரில் ஆக்சிலரேட்டரை நாம்தான் மிதிக்க வேண்டும். வைத்த வேகத்தைத் தாண்ட மட்டும் விடாது. சென்னை நகருக்குள் கார்களுக்கு வரம்பு 60 கி.மீ. ராத்திரி காலியாகக் கிடக்கும் அண்ணா சாலையில் தெரியாமலே 75-க்குப் போய்விடும். லிமிட்டரை 60-ல் வைத்துவிட்டால் மீட்டரை அடிக்கடி பார்க்க வேண்டாம், கண் ரோட்டிலேயே இருக்கும். பிரேக்கைத் தொட்டதும் க்ரூஸ் விலகிவிடும், லிமிட்டர் விலகாது. அதனால் ஒவ்வொரு சிக்னல் தாண்டியும் திரும்பப் போட வேண்டிய வேலை இல்லை.

இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு, அதைப் பழகாமல் நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. இருவழிச் சாலையில் லிமிட்டர் போட்டிருப்பதை மறந்து லாரியை ஓவர்டேக் செய்ய வெளியே வந்தால், பாதியில் கார் இழுக்காது. எதிரே பஸ் வந்துகொண்டிருக்கும். ஆக்சிலரேட்டரைத் தரை வரை ஒரே அழுத்தாக அழுத்தினால் பெரும்பாலான கார்களில் லிமிட்டர் தற்காலிகமாக விலகி வேகம் எடுக்கும். பாதி அழுத்தத்துக்கு அசையாது. காலியான ரோட்டில் இதை நாலைந்து முறை செய்து பார்த்து, எந்த இடத்தில் விலகுகிறது என்று காலுக்குப் பழக்க வேண்டும். இருவழிச் சாலையில் ஆஃப் செய்துவிடுவது இன்னும் நல்லது.

க்ரூஸுக்கு ஏற்ற இடம் நால்வழிச் சாலை. 2018-ல் மத்திய அரசு அங்கே கார்களுக்கு உச்ச வரம்பை 100 என்று அறிவித்தது. பலகையில் குறைவாக இருந்தால் பலகைதான் கணக்கு. திண்டிவனம் தாண்டி, டாப் கியரில் 85-90 வந்ததும் செட் அழுத்தினால் போதும். ஆனால் மீடியன் இடைவெளி, ராங் சைடில் வரும் பைக், ஊர் முனை பேரிகேடு என்று எது வேண்டுமானாலும் வரும். காலை மடக்கி உட்காரக் கூடாது. குதிகால் பிரேக்குக்கு நேராகவே இருக்க வேண்டும்.

ஊருக்குள் 40-க்குக் குறைத்துவிட்டு வெளியே வந்ததும் ரெஸ்யூமை அழுத்துவது பலர் செய்யும் தவறு. பழைய 90-ஐப் பிடிக்கக் கார் பாயும், ஆட்டோமேட்டிக் என்றால் கியரையும் இறக்கும். காலாலேயே 80 வரை கொண்டுவந்து பிறகு அழுத்தினால் வண்டியும் அலறாது, டீசலும் வீணாகாது.

தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் க்ரூஸ் வேண்டவே வேண்டாம். சாதாரண க்ரூஸ் ஆக்சிலரேட்டரை மட்டும்தான் கட்டுப்படுத்தும், பிரேக் போடாது. 60-ல் வைத்தாலும் இறக்கத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு, இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கிங்தான் அங்கே கைகொடுக்கும். லிமிட்டரும் இறக்கத்தில் பீப் அடிக்குமே தவிரப் பிடித்து நிறுத்தாது. மழையில் தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கும்போது க்ரூஸ் வேகத்தைக் குறைக்காது, அதனால் மழை தொடங்கியதும் அணைத்துவிட வேண்டும்.

ரேடார் வைத்த அடாப்டிவ் க்ரூஸ் முன்னால் போகும் காரை நன்றாகப் பின்தொடரும். லேனின் ஓரத்தில் போகும் பைக்கையும், நின்றுகொண்டிருக்கும் லாரியையும் அதை நம்பி விட முடியாது. முன் காரோடு விடும் இடைவெளியைக் கூட்டி வைத்தால் இடையில் ஆம்னி பஸ் நுழையும், கார் சட்டென்று பிரேக் அடிக்கும், பின்னால் வருபவர் தடுமாறுவார். நெரிசல் கூடினால் காலால் ஓட்டுவதே பத்திரம். சேறோ பூச்சியோ அப்பி ரேடார் மறைந்தால் எச்சரிக்கை வரும். ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முன் கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவைக் கேலிபரேட் செய்யாமல் (சரியாகப் பார்க்கும்படி மறுபடி அமைக்காமல்) வண்டியை எடுக்கக் கூடாது.

க்ரூஸ் செட் ஆகவே இல்லையா? முதலில் பிரேக் லைட் எரிகிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் ஸ்விட்ச் கெட்டால் லைட்டும் போகும், க்ரூஸும் போகும். மேனுவல் காரில் கிளட்ச் ஸ்விட்சையும் பார்க்க வேண்டும். ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து வேலை செய்யாமல் ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் கேபிள் அறுந்திருக்கும். அதில் வீட்டில் கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.