தலைவலிக்குச் சீன மருத்துவம்: ஊசி சரி, மூலிகை?

அடிக்கடி வந்து படுக்கையில் தள்ளும் ஒற்றைத் தலைவலிக்காக ஒரு சீன மருத்துவ நிலையத்தில் தொடர்ந்து அக்குபங்சர் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். வலி மண்டையைப் பிளக்கும் நேரத்தில் உடனடி நிவாரணம் தேடிப் போகிறவர்கள் ஏமாறக்கூடும். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் உள்ள இடைவெளியை நீட்டுவதுதான் இதனால் எனக்குக் கிடைத்த பயன், அதுவும் சில வாரங்கள் கழித்தே தெரிந்தது.

முதல் நாள் ஊசியைவிடக் கேள்விகளே அதிகம். வலி நெற்றியிலா, பக்கவாட்டிலா, பிடரியிலா, உச்சியிலா என்று விசாரித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, இரு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார் மருத்துவர். வலிக்கும் இடத்தைக் கொண்டே எந்த நாளத்தில் (உடலில் உயிராற்றல் ஓடுவதாக அவர்கள் சொல்லும் பாதை) கோளாறு என்று கணிப்பது இம்மருத்துவத்தின் முறை என்பதால், பொட்டில் தெறிக்கும் என் வலியைப் பித்தப்பை நாளத்தோடு சேர்த்து, பிடரிக் குழிகளிலுள்ள ஃபெங்ச்சி புள்ளிகளிலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள ஹெகுவிலும் ஊசி இட்டார். முடி போன்ற மெல்லிய ஊசிதான். ஆனாலும் ஹெகுவில் அது இறங்கியதும் ஒருவிதக் கனத்த குடைச்சல் கை முழுவதும் பரவியது. அந்த உணர்வு வந்ததா என்று அவரே கேட்டார், வர வேண்டுமாம். (கர்ப்பிணிகளுக்கு இந்தப் புள்ளியைத் தவிர்ப்பது மரபு, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.)

இதெல்லாம் வெறும் நம்பிக்கையா என்று கேட்போருக்கு மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஓரளவு விடை தருகிறது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100க்கு 17 பேருக்கே தலைவலி பாதியாகக் குறைந்திருக்க, அக்குபங்சரும் சேர்த்துப் பெற்றவர்களில் 41 பேருக்குக் குறைந்தது. ஒப்பீட்டுக்காகப் பெயரளவில் இடும் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளிலோ, உண்மையான ஊசியில் 100க்கு 50 பேர், போலி ஊசியில் 41 பேர் என்று வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. ஆகவே நாளங்களைப் பற்றிய விளக்கத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. பலனை மட்டும் ஏற்கிறேன்.

குறை மூலிகைப் பிரிவில்தான். சுவான்சியோங் என்ற சீன மூலிகை, புதினா வகை முதலியவற்றைத் தேநீரோடு உட்கொள்ளும் பழைய சீனச் சூரணம் ஒன்றைத் தந்தார்களே தவிர, உட்பொருள் பட்டியலைக் கேட்டும் தரவில்லை. அவ்வகைச் சூரணத்தில் சேரும் சிசின் என்ற மூலிகையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கக்கூடும் என்பதால் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன். ஊசிக்காக இந்த நிலையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு முறையும் உறை பிரித்த புது ஊசியையே பயன்படுத்தினார்கள், ஏற்கெனவே எடுத்துவரும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லவும் இல்லை. திடீரென்று தாங்க முடியாத தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்தல் ஆகியவை இருந்தால் மட்டும் இங்கே போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.