போக்சோ ஜாமீன் 'பேக்கேஜ்': 1,85,000 ரூபாயும் போச்சு, 61-வது நாளும் போச்சு

ஆன்லைன் வக்கீல் சேவை நடத்தும் ஒரு கம்பெனியிடம் எங்கள் உறவுக்காரக் குடும்பம் 1,85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறது. நேற்று கோர்ட் ஃபைலிங் செக்ஷனில் விசாரித்த பிறகுதான் முழு விவரமும் தெரிந்தது. கம்பெனி பேரைப் போடவில்லை. இதே மாதிரி எத்தனையோ பேர் இதே வேலையைச் செய்கிறார்கள். பேரை விட முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

பையனுக்கு 20 வயசு. போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம், பிரிவு 7, 8-ல் வழக்கு. அவன் தப்பு செய்தானா இல்லையா என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. அதைப் பற்றியோ அந்தப் பெண் குழந்தையைப் பற்றியோ இங்கே எதுவும் எழுத மாட்டேன், யாரும் கேட்கவும் வேண்டாம். ஆனால் எந்தக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சாசனம் 22(1) கொடுத்திருக்கிறது. இந்தக் கூட்டம் காசாக்குவது அந்த உரிமையைத்தான்.

திருட்டு கேஸ், அடிதடி கேஸ் என்றால் நாலு பேரிடம் கேட்டு வக்கீல் பிடிப்போம். இந்த மாதிரி கேஸில் பக்கத்து வீட்டில் கூடச் சொல்ல முடியாது. ஊர் வக்கீலிடம் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம். ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடுவார்கள். விளம்பரம் அங்கேதான் காத்திருக்கிறது.

பையனை ரிமாண்ட் பண்ணின அன்று ராத்திரி அவன் அப்பா அப்படித்தான் தேடியிருக்கிறார். அஞ்சு நிமிஷத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள். "அப்பா, நீங்க முதல்ல தண்ணி குடிங்க. தம்பியை மூணு நாள்ல வெளியே கொண்டு வந்துடுவோம். இது எங்களுக்கு தினம் பார்க்கிற கேஸ்." அன்றைக்கு முழுக்க அந்த மனுஷனிடம் யாரும் அன்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 'அப்பா'வில் விழுந்துவிட்டார். கூடவே வாட்ஸ்அப்பில் கவுன் போட்ட ஒருவர் படத்தோடு ஒரு பிடிஎஃப் வந்தது. பதிவுக் கட்டணம் 25,000. ஜாமீன் பேக்கேஜ் 60,000. ரெண்டு நாள் கழித்து 'ஹைகோர்ட் சீனியர்' என்று 1,00,000. எல்லாம் யூபிஐ. மொத்தம் 1,85,000.

மூணு நாள் என்பதே பொய். இந்த வழக்குகளில் ஜாமீன் மனு போட்டால் புகார்தாரருக்கு, அதாவது குழந்தையின் குடும்பத்துக்கு, நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும். அரசு வக்கீலுக்கு ஸ்டேஷனிலிருந்து கேஸ் டைரி வர வேண்டும். அது சரியான ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை மூணு நாளில் தாண்டுகிறேன் என்று எந்த வக்கீலும் உத்தரவாதம் தர முடியாது. ஹைகோர்ட் கதையும் அப்படித்தான். கீழ்க்கோர்ட் தள்ளுபடி உத்தரவு கையில் இல்லாமல் அங்கே போவது வழக்கமில்லை. கீழே மனுவைக் கோர்ட் ஏற்று நம்பரே போடாத நேரத்தில் சீனியருக்கு என்று ஒரு லட்சம் வாங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. "நோட்டீஸ் போயிருக்கு", "பி.பி. (அரசு வக்கீல்) டைம் கேட்டிருக்கார்", "சார் கோர்ட்ல இருக்கார்". மனு நம்பர் கேட்டால், "போக்சோ கேஸ் ஆன்லைன்ல காட்டாதுப்பா." இதில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பாலியல் வழக்கில் எஃப்ஐஆரை இணையத்தில் ஏற்றாததும், பெயர் விவரங்களை மறைப்பதும் குழந்தையின் அடையாளத்தைக் காப்பாற்றத்தான். அந்தப் பாதுகாப்பையே இவர்கள் தங்கள் மோசடிக்குத் திரையாக்கிக்கொண்டார்கள். இணையத்தில் தெரியாவிட்டால் என்ன, மனு போட்டிருந்தால் அதற்கு கிரிமினல் எம்.பி. நம்பர், அதாவது கோர்ட் கொடுக்கும் மனு எண், இருக்கும், கோர்ட் அலுவலகத்தில் கேட்டால் தெரிந்துவிடும்.

கேட்டபோது தெரிந்தது இது. ஒரே ஒரு மனு, அதுவும் தப்பு இருக்கிறதென்று கோர்ட் திருப்பிவிட்டு ரிட்டர்ன் ஆகிக் கிடக்கிறது. குற்ற எண் (எஃப்ஐஆர் எண்) வேறு ஏதோ ஸ்டேஷனுடையது, பழைய மனுவை அப்படியே காப்பி அடித்திருக்கிறார்கள். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 483 என்று இருக்க வேண்டிய இடத்தில் பழைய சிஆர்பிசி 439. வக்காலத்தில், அதாவது இவர்தான் என் வக்கீல் என்று பையன் கையெழுத்துப் போடும் தாளில், சிறை அதிகாரியின் சான்றொப்பம் இல்லை. அதாவது கையெழுத்து வாங்க யாரும் சிறைப் பக்கமே போகவில்லை. திருத்தித் திரும்பப் போடவும் இல்லை. கையெழுத்துப் போட்ட ஜூனியரைப் பிடித்துக் கேட்டால், "எனக்கு வந்தது 8,000 தான்" என்கிறார். 1,85,000-ல் எட்டாயிரம்.

பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பிரிவு 8-க்கு அதிகபட்ச தண்டனை 5 வருஷம். அதனால் பிஎன்எஸ்எஸ் 187(3) படி 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. குறைந்தபட்ச தண்டனையே 10 வருஷமோ அதற்கு மேலோ உள்ள போக்சோ 4, 6 என்றால் 90 நாள். ரிமாண்ட் ஆன தேதியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் இது தானாக வராது, கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் கேட்டுவிட்டால் பிறகு அதைத் தாக்கல் பண்ணி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. கேட்காமல் விட்டால், அது வந்த நிமிஷமே உரிமை போய்விடும். இந்தப் பையன் கேஸில் குற்றப்பத்திரிகை தாக்கலானது 63-வது நாள். 61, 62 ரெண்டு நாளும் ஒரு பக்க மனு போட ஆள் இல்லை. 1,85,000 வாங்கினவர்களுக்கு நாள் எண்ணத் தெரியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நாங்க டெக்னாலஜி பிளாட்ஃபார்ம், ஒப்பந்தம் உங்களுக்கும் வக்கீலுக்கும்." வக்கீல் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்கும் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. மிச்சம் இருக்கும் வழி, வக்கீல்கள் சட்டம் பிரிவு 35-ல் பார் கவுன்சிலில் புகார். ஏமாற்றிப் பணம் பிடுங்கியதற்குப் போலீஸ் புகார். ரெண்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

விரிவாக ஒரு வழிகாட்டியே எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும்.

விளம்பரம் கொடுத்து வரும் வக்கீலை நம்பாதீர்கள். பார் கவுன்சில் விதி 36 அதைத் தடை செய்கிறது. ஆன்லைன் தளங்கள் வழியாக ஆள் பிடிப்பதைக் கண்டித்து 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டும் உத்தரவு போட்டிருக்கிறது. வக்கீலின் என்ரோல்மென்ட் நம்பரை (பார் கவுன்சில் பதிவு எண்) கேளுங்கள். பணம் வக்கீல் கணக்குக்குப் போகட்டும், ரசீது வாங்குங்கள். வெற்று வக்காலத்தில் கையெழுத்து வேண்டாம்.

சிறைக்குப் போய்ப் பார்க்கும்போது பையனிடமே கேளுங்கள், வக்கீல் வந்தாரா, வக்காலத்தில் கையெழுத்து வாங்கினாரா என்று. இல்லை என்றால் வேலை ஆரம்பிக்கவே இல்லை.

"பொண்ணு வீட்ல பேசி முடிச்சுடலாம், அதுக்குத் தனியா" என்று இவர்களும் கேட்டார்கள். போகவே போகாதீர்கள். அந்தக் குடும்பத்தை நெருக்குவது பெரும் தப்பு, சாட்சியை மிரட்டியதாக இன்னொரு வழக்கும் வரும், கிடைத்த ஜாமீனும் ரத்தாகும். சமரசம் ஆனது என்று காட்டி போக்சோ வழக்கை ரத்து செய்ய முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எஃப்ஐஆர் நகலையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், அதில் குழந்தையின் பெயர் இருக்கும்.

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். போன் 15100. இந்தப் பையனுக்கு இப்போது மனு போட்டிருப்பது அங்கே இருக்கும் வக்கீல்தான். சிறைக்குப் போய் வக்காலத்தில் கையெழுத்து வாங்கி, சரியான குற்ற எண் போட்டு, நம்பரும் ஆகிவிட்டது. ஒரு ரூபாய் கேட்கவில்லை.

யூபிஐயில் பணம் போன உடனே சந்தேகம் வந்தால் சைபர் மோசடிக்கான 1930-க்கு போன் அடியுங்கள், தாமதிக்காதீர்கள்.